பேக்கப் கிடைச்சாச்சு, கணக்கு இன்னும் கிடைக்கலை

(இந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. படிக்கிறதுக்கு வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு கொஞ்சம் கை அழுக்காகிற டாபிக். சொந்தக் கணக்கு வழக்கை ஒரு சாஃப்ட்வேர்ல எழுதி வைக்கிறீங்க. லேப்டாப் போயிடுச்சு. பழைய பேக்கப் ஒண்ணு இருக்கு. அதுல இருந்து எப்படி இன்னைய தேதிக்கு வந்து சேர்றது?

இந்த டாபிக் வந்ததுக்குக் காரணம் ஒரு லிசனர் அனுப்பின வாய்ஸ் நோட். சென்னையில வேலை பாக்கிறாங்க. வீட்டுல மூத்தவங்க, கீழே ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. வீட்டுக் கணக்கு மொத்தமும் இவங்க லேப்டாப்ல, க்னூகேஷ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல இருந்துச்சு. ஜூன் 21-ஆம் தேதி லேப்டாப்போட எஸ்எஸ்டி செத்துப்போச்சு. மிஞ்சினது, மார்ச் 9-ஆம் தேதி பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்ச ஒரே ஒரு ஃபைல். நடுவுல மூணரை மாசம் காணோம். அந்த மூணரை மாசத்துலதான் அவங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்திருக்கு. மூணு பேரும் பணம் போட்டிருக்காங்க. யார் எவ்வளவு போட்டாங்க, எது பங்கு, எது பழைய கடன், எல்லாம் அந்தக் கணக்குல இருந்துச்சு.

அவங்க கேட்ட கேள்வி இதுதான்: "பேக்கப்பை ஓபன் பண்ணிட்டேன். பேங்க் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி இதுக்குள்ள தள்ளிட்டா முடிஞ்சுதா?"

இல்லைங்க. அதுல பாதி வேலைதான் முடியும். அந்த மீதிப் பாதியைப் பத்தித்தான் இந்த எபிசோட். அவங்க அனுமதியோட, தொகைகளை மட்டும் மாத்தி, அவங்க கேஸையே உதாரணமா எடுத்துக்கிறேன். நீங்க க்னூகேஷ் யூஸ் பண்ணாம எக்ஸெல் ஷீட்லயோ வேற ஆப்லயோ கணக்கு எழுதினாலும் வழிமுறை ஒண்ணுதான்.

பேங்க்குக்குத் தெரிஞ்சதும் தெரியாததும்

உங்க கணக்கு ஃபைலுக்குள்ள ரெண்டு விதமான தகவல் இருக்கு.

முதலாவது: எந்தத் தேதி, எவ்வளவு தொகை, உள்ள வந்ததா வெளிய போனதா. இது பேங்க் கிட்டயும் இருக்கு. உங்க லேப்டாப் எரிஞ்சு சாம்பலானாலும் இது திரும்பக் கிடைக்கும்.

ரெண்டாவது: அது எதுக்காக. சூப்பர் மார்க்கெட் பில் 3,200 ரூபாய்ல 900 ரூபாய் ரூம்மேட்டுக்கு வாங்கினது. ஏடிஎம்ல எடுத்த 5,000 எங்கெங்க போச்சு. தம்பி அனுப்பின காசு கடனைத் திருப்பினதா, புதுசா கொடுத்ததா. இது பேங்க்குக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நீங்களும் மூணு மாசத்துல மறந்துடுவீங்க.

பேக்கப் காப்பாத்துறது முக்கியமா இந்த ரெண்டாவதைத்தான். அதனால வேலையை ரெண்டாப் பிரிச்சுக்கோங்க. முதல்ல பேங்க்ல இருந்து தொகைகளைச் சரியாக் கொண்டு வரணும். அப்புறம் ஒவ்வொரு தொகைக்கும் அர்த்தத்தைத் தேடிப் பிடிக்கணும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யப் போனா ரெண்டுமே குழம்பும்.

எந்த ஃபைல்?

முதல் விதி: பேக்கப் ஃபைலை நேரா ஓபன் பண்ணாதீங்க. அதை ஒரு காப்பி எடுத்து, காப்பியை மட்டும் ஓபன் பண்ணுங்க. பென்டிரைவ்ல இருக்கிற ஒரிஜினலைத் தனியா எடுத்து வச்சுடுங்க. உங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு பிரதி. அதுல தப்பா ஏதாவது சேவ் பண்ணிட்டா அதுவும் போச்சு.

க்னூகேஷ் சாதாரணமா ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல எல்லாத்தையும் வைக்கும். ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும், அதுக்கு முன்னாடி இருந்த நிலையை ஒரு பழைய பிரதியா அதே ஃபோல்டர்ல விட்டு வைக்கும். அதோட பேர்ல 14 இலக்க எண் ஒண்ணு இருக்கும். 20250309214512-னு இருந்தா, 2025 மார்ச் 9, இரவு 9 மணி 45 நிமிஷம் 12 விநாடி. முதல் 4 வருஷம், அப்புறம் ரெண்டு ரெண்டா மாசம், தேதி, மணி, நிமிஷம், விநாடி.

இதுல கவனிக்க வேண்டியது மூணு.

ஒண்ணு, எண் இல்லாத மெயின் ஃபைல்தான் எப்பவும் கடைசி நிலை. அது நல்லா ஓபன் ஆச்சுன்னா பழைய பிரதிகளைத் தொடவே வேண்டாம். அது கெட்டுப்போயிருந்தா மட்டும், எண் பெரிசா இருக்கிற பிரதியில இருந்து ஒவ்வொண்ணா பின்னாடி போங்க. ஓபன் ஆனதும் "சேவ் ஆஸ்" கொடுத்துப் புதுப் பேர்ல வச்சுக்கோங்க.

ரெண்டு, இந்தப் பழைய பிரதிகளை செட்டிங்ஸ்ல நாம மாத்தாத வரைக்கும் 30 நாள்தான் வச்சிருக்கும். அதுக்கப்புறம் தானா அழிச்சிடும். அதுவும் அதே ஃபோல்டர்ல, அதே டிஸ்க்ல. டிஸ்க் போனா மொத்தமும் சேர்ந்தே போகும். "அதான் சாஃப்ட்வேரே பேக்கப் எடுக்குதே"ன்னு நிம்மதியா இருக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க. கைதவறி எதையாவது அழிச்சா அது உதவும், லேப்டாப் செத்தா உதவாது.

மூணு, எக்ஸ்எம்எல்லுக்குப் பதிலா எஸ்க்யூலைட் டேட்டாபேஸா சேவ் பண்றவங்களுக்கு இந்தப் பிரதிகளே கிடையாது. ஒவ்வொரு பதிவும் உடனே உள்ள போயிடும். அதனால காப்பி எடுக்கிற பொறுப்பு முழுசா உங்களோடது.

கடைசிப் பதிவு தேதியை நம்பாதீங்க

ஃபைல் ஓபன் ஆயிடுச்சு. கடைசிப் பதிவு மார்ச் 9. அப்போ மார்ச் 10-ல இருந்து பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தா போதும்னு தோணும். இங்கதான் நிறையப் பேர் வழுக்குறாங்க.

மார்ச் 9 ஞாயித்துக்கிழமை. அவங்க வாரக் கடைசியில உட்கார்ந்து கணக்கு எழுதுறவங்க. அன்னைக்கு எல்லாத்தையும் எழுதி முடிச்சாங்களா? பாதியில எழுந்து போயிருக்கலாம். மார்ச் 6-ஆம் தேதி செலவு ஒண்ணு விட்டுப்போயிருக்கலாம். 8-ஆம் தேதி கார்டுல போட்டது பேங்க்ல 10-ஆம் தேதிதான் ஏறியிருக்கலாம். கடைசிப் பதிவு எந்தத் தேதிங்கிறது, அதுக்கு முன்னாடி எல்லாம் முழுசா இருக்குன்னு சொல்லாது.

அதனால நாம தேட வேண்டியது கடைசியா பேங்க்கோட ஒத்துப் பார்த்த தேதி. பிளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்தவங்களுக்கு "வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்" ஞாபகம் இருக்கும். சாஃப்ட்வேர்ல அதுக்குப் பேர் ரீகன்சைல். உங்க ஏட்டுல இருக்கிற இருப்பும் பேங்க் சொல்ற இருப்பும் ஒரு குறிப்பிட்ட தேதியில ஒண்ணா இருக்கான்னு டிக் பண்ணிப் பாக்கிறது. க்னூகேஷ்ல அக்கவுன்ட்ஸ் பக்கத்துல "கடைசி ரீகன்சைல் தேதி"ன்னு ஒரு காலம் சேர்த்துக்கலாம். நம்ம லிசனருக்கு அது ஜனவரி 31-னு காட்டிச்சு.

அந்தத் தேதிதான் நங்கூரம். ஜனவரி 31 அன்னைக்கு ஏட்டுல 1,18,640 ரூபாய். அன்னைய தேதி பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் 1,18,640 இருந்தா, அதுக்கு முன்னாடி இருக்கிற எதையும் நாம தொட வேண்டாம். வேலை பிப்ரவரி 1-ல தொடங்குது. பிப்ரவரி 1-க்கும் மார்ச் 9-க்கும் நடுவுல ஏற்கெனவே கையால எழுதின பதிவுகள் மேல பேங்க் வரிகள் வந்து விழும். பரவாயில்ல, அதைச் சமாளிக்க வழி இருக்கு. வர்றேன்.

ஸ்டேட்மென்ட்: மாசம் ஒரு ஃபைல்

எல்லாக் கணக்கும் வேணும். சேமிப்புக் கணக்கு, சம்பளக் கணக்கு, கிரெடிட் கார்டு, வாலட்ல காசு வச்சிருந்தா அதுவும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வடிவம் எடுங்க. ஒண்ணு பிடிஎஃப், அது சாட்சி. அதுல கை வைக்காதீங்க. இன்னொண்ணு சிஎஸ்வி இல்லைன்னா எக்ஸெல், அது உள்ள ஏத்துறதுக்கு. மொத்தமா அஞ்சு மாசத்தையும் ஒரே ஃபைலா எடுக்காம மாசத்துக்கு ஒண்ணா எடுங்க. தப்பு எங்க நடந்துச்சுன்னு தேடும்போது இது பெரிய உதவி.

ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கூட்டல் கழித்தல். ஆரம்ப இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் பற்று, அது கடைசி இருப்புக்குச் சமமா இருக்கணும். அவங்க பிப்ரவரியைப் பாருங்க: 1,18,640 கூட்டல் 92,500 கழித்தல் 87,310. விடை 1,23,830. ஸ்டேட்மென்ட்டும் அதைத்தான் சொல்லுது. இது ஒத்துப்போகலைன்னா ஃபைல்ல ஏதோ வரி விட்டுப்போச்சுன்னு அர்த்தம். திரும்ப டவுன்லோட் பண்ணுங்க.

சிஎஸ்வில மூணு பொறி இருக்கு.

முதல் பொறி தேதி. நம்ம ஊர்ல 05/03-ன்னா மார்ச் 5. அமெரிக்க வழக்கத்துல அது மே 3. ஏத்தும்போது க்னூகேஷ் தேதி வடிவம் கேட்கும். நாள்-மாதம்-வருஷம்னு தேர்ந்தெடுங்க. மாத்திக் கொடுத்தீங்கன்னா 25/03 மாதிரித் தேதிகள் தப்புன்னு கத்தும், ஏன்னா 25-ஆவது மாசம் கிடையாது. ஆனா 12-ஆம் தேதி வரைக்கும் உள்ளதெல்லாம் சத்தமே போடாம வேற மாசத்துல போய் உட்காந்துக்கும்.

ரெண்டாவது பொறி எக்ஸெல். யூபிஐ பரிவர்த்தனைக்கு 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் ஒண்ணு உண்டு. சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணி எக்ஸெல்ல திறந்தா, தனி செல்லுல இருக்கிற அந்த நம்பரை அது 4.12346-க்குப் பக்கத்துல ஈ ப்ளஸ் 11-னு சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணினா சுருங்கினதுதான் ஃபைல்ல நிக்கும், மீதி இலக்கங்கள் போயிடும். பின்னாடி யூபிஐ ஆப்போட ஒப்பிட அந்த நம்பர்தான் வேணும். அதனால எக்ஸெல்ல திறந்தே ஆகணும்னா அந்தக் காலத்தை "டெக்ஸ்ட்"னு சொல்லி இம்போர்ட் பண்ணுங்க. மேல கீழே இருக்கிற தலைப்பு, மொத்தம் வரிகளை மட்டும் நீக்கணும்னா சாதாரண நோட்பேட் போதும்.

மூணாவது பொறி, ஒரே மாதிரி ரெண்டு வரி. ஒரே நாள்ல ரெண்டு தடவை 20 ரூபாய் டீ. சிஎஸ்வில ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சாஃப்ட்வேர் நம்பிப் பிடிச்சுக்கிற தனி அடையாள எண் கிடையாது. தொகையையும் தேதியையும் வச்சுத்தான் "இது ஏற்கெனவே இருக்கு"ன்னு அது ஊகிக்கும். உங்க பேங்க் ஓஎஃப்எக்ஸ் வடிவத்துல ஃபைல் கொடுத்தா அதை எடுத்துக்கோங்க. அதுல ஒவ்வொரு வரிக்கும் தனி எண் உண்டு. அதே ஃபைலை ரெண்டாவது தடவை ஏத்தினாலும் கண்டுபிடிச்சிடும்.

ஏத்துங்க, ஒத்துப் பாருங்க, சேவ் பண்ணுங்க

இப்ப பிப்ரவரி ஃபைலை மட்டும் ஏத்துங்க. க்னூகேஷ் ஒரு பட்டியல் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவு கேட்கும்: புதுசாச் சேர்க்கணுமா, இல்ல ஏற்கெனவே கையால எழுதினதோட பொருத்தணுமா. மேல சொன்னேனே, பழைய பதிவுகள் மேல பேங்க் வரிகள் விழும்னு, அதை இங்கதான் பொருத்துறோம். அதுவே ஊகிச்சு வைக்கும், ஆனா கண்ணை மூடிக்கிட்டு ஓகே கொடுக்காதீங்க. ஒவ்வொரு வரியாப் பாருங்க.

இங்க ஒரு நல்ல செய்தி இருக்கு. "இந்தக் கடைப் பேர் வந்தா மளிகை, அந்தப் பேர் வந்தா பெட்ரோல்"னு நீங்க இத்தனை நாள் பழக்கி வச்சதை க்னூகேஷ் அந்தக் கணக்கு ஃபைலுக்குள்ளயே வச்சிருக்கும். பேக்கப் திரும்பி வந்தா அந்தப் பழக்கமும் சேர்ந்தே வரும். அதனால பாதி வரிகளுக்கு மேல தானாவே சரியான இடத்துல போய் விழ வாய்ப்பிருக்கு.

ஏத்தினதும் ரீகன்சைல். கடைசி தேதி பிப்ரவரி 28, கடைசி இருப்பு 1,23,830. டிக் பண்ணிக்கிட்டே வாங்க. வித்தியாசம் பூஜ்யம் ஆகணும். ஆனதும் முடிச்சு, "பிப்ரவரி முடிஞ்சது"ன்னு பேர் வச்சு ஒரு தனிப் பிரதி சேவ் பண்ணுங்க. அதுக்கப்புறம்தான் மார்ச். மார்ச் முடியாம ஏப்ரலைத் தொடாதீங்க. கோடு எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, சின்னச் சின்னக் கமிட். ஏப்ரல்ல குழப்பம் ஆனா மார்ச் பிரதிக்குத் திரும்பிப் போலாம், முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

வித்தியாசம் பூஜ்யம் ஆகலைன்னா? கணக்கர்கள் ரொம்ப காலமா யூஸ் பண்ற மூணு சோதனை இருக்கு.

வித்தியாசத்துக்குச் சமமான தொகை எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. இருந்தா அது ரெண்டு தடவை ஏறியிருக்கும், இல்ல விட்டுப்போயிருக்கும்.

கிடைக்கலைன்னா வித்தியாசத்துல பாதியைத் தேடுங்க. 1,250 இடிக்குதுன்னா 625 எங்க இருக்குன்னு பாருங்க. 625 ரூபாய் ரீஃபண்டை வரவுல எழுதாம செலவுல எழுதியிருந்தா சரியா ரெண்டு மடங்கு இடிக்கும்.

அதுவும் இல்லைன்னா 9-ஆல வகுபடுதான்னு பாருங்க. வகுபட்டா, கையால தட்டும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 4,500-ஐ 5,400-னு அடிச்சா வித்தியாசம் 900. அது 9-ஆல வகுபடும்.

அந்த ரீகன்சைல் விண்டோலயே வித்தியாசத்துக்கு ஒரு பதிவு போட்டு மூடிடற வசதியும் இருக்கு. அசதியில கை அங்கதான் போகும். போக விடாதீங்க. வித்தியாசம் 200 ரூபாய்தானேன்னு மூடினா, அது நிஜத்துல 10,200 ஒரு பக்கமும் 10,000 இன்னொரு பக்கமும் இடிச்சு மிஞ்சின 200-ஆ இருக்கலாம்.

இன்னொரு இடறல், உங்க ரெண்டு கணக்குக்கு நடுவுல நடக்கிற பரிமாற்றம். கிரெடிட் கார்டு பில் கட்டினது சேமிப்புக் கணக்குலயும் வரும், கார்டு ஸ்டேட்மென்ட்லயும் வரும். ரெண்டும் ஒரே பரிவர்த்தனை. தேதி ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளி இருக்கும், அவ்வளவுதான். ரெண்டாவது தடவை வரும்போது புதுசாச் சேர்க்காம முதல்ல இருக்கிறதோட பொருத்துங்க. அப்புறம், பில் கட்டினதைச் செலவுல எழுதாதீங்க. செலவு கார்டைத் தேய்ச்ச அன்னைக்கே ஆயிடுச்சு. பில் கட்டினது கடனைத் தீர்த்தது மட்டும்தான்.

இந்த மாதிரி வரி வரியாப் பாக்கும்போது இன்னொரு பலன் கிடைக்கும். நம்ம லிசனருக்கு ஏப்ரல்ல ஒரு மருந்துக்கடையில 1,840 ரூபாய் ரெண்டு தடவை போயிருந்துச்சு. முதல் தடவை ஃபெயில்னு காட்டினதால திரும்ப ஸ்கேன் பண்ணியிருக்காங்க. முதல் 1,840 திரும்பி வரவே இல்லை. ஆஸ்பத்திரி அலைச்சல்ல யாரும் கவனிக்கலை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல போட்ட விதிப்படி, யூபிஐ-ல பணம் கழிஞ்சு கடைக்குப் போய்ச் சேரலைன்னா 5 நாளுக்குள்ள தானா திரும்பணும். தனி ஆளுக்கு அனுப்பினதுன்னா அடுத்த நாளுக்குள்ள. தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு. அவங்க இப்ப ரெஃபரன்ஸ் நம்பரோட புகார் போட்டிருக்காங்க. அந்த 12 இலக்கத்தைப் பத்திரமா வச்சுக்கோங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

அனாமத்துக் கணக்கு

தொகைகள் எல்லாம் உள்ள வந்தாச்சு, ஜூன் வரைக்கும் பேங்க்கோட ஒத்துப்போகுது. இப்பதான் ரெண்டாவது பாதி.

எதுக்குன்னு தெரியாத வரிகளை க்னூகேஷ் "இம்பேலன்ஸ்"னு ஒரு கணக்குல தள்ளி வைக்கும். நம்ம ஊர்க் கணக்கு ஏட்டுல இதுக்கு அழகான பேர் இருக்கு, அனாமத்துக் கணக்கு. ஊர் பேர் தெரியாம நிக்கிற தொகைக்கு ஒரு தற்காலிக இடம். இந்தக் கணக்கைக் காலி பண்றதுதான் இனி வேலை.

எல்லாத்தையும் ஒரே அக்கறையோட தேடினா பாதியில விட்டுடுவீங்க. ஒரு எல்லை வச்சுக்கோங்க. உதாரணமா 500 ரூபாய்க்குக் கீழே இருக்கிற கடைச் செலவை எல்லாம் "இதர செலவு"ல போட்டுட்டு நகருங்க. பெரிய தொகைகளை மேல இருந்து கீழே பாருங்க. சாட்சிக்கு யூபிஐ ஆப்ல இருக்கிற குறிப்பு, ஈமெயில்ல வந்த பில், வாட்ஸ்அப்ல அனுப்பின ஸ்க்ரீன்ஷாட், போன் கேலரில அந்தத் தேதி போட்டோ, எல்லாம் உதவும்.

ஆனா ஒரு விதியை மட்டும் மீறாதீங்க. மனுஷங்க சம்பந்தப்பட்ட எந்தத் தொகையும், அது 200 ரூபாயா இருந்தாலும், இதர செலவுக்குள்ள போகக் கூடாது.

ஏன்னு அவங்க கதையிலேயே பாருங்க. ஏப்ரல் 17, தம்பி பேர்ல இருந்து 40,000 வரவு. பேங்க் ஸ்டேட்மென்ட்ல பேரும் நம்பரும்தான். இதுக்கு நடுவுல தம்பி போன்ல கேட்டிருக்கார்: "அக்கா, அந்த 40,000-த்தோட நம்ம பழைய பாக்கியும் முடிஞ்சுதுல்ல?" இவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கு. ஏன்னா இவங்க ஞாபகத்துல தம்பி தர வேண்டியது 45,000 அப்படியே நிக்குது.

யார் சொல்றது சரி? ரெண்டு பேரும் முழுசாச் சரியில்ல.

ஆஸ்பத்திரி பில்லுல இன்ஷூரன்ஸ் போக மிச்சம் 1,20,000. மூணாப் பிரிச்சா ஆளுக்கு 40,000. தம்பியோட யூபிஐ ஆப்ல அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பார்த்தா, அவரே "அம்மா ஷேர்"னு குறிப்பு எழுதியிருக்கார். ஆக அது ஆபரேஷன் பங்கு. பழைய கடன் அதுல அடங்கலை.

ஆனா பழைய கடன் 45,000-மும் இல்லை. மார்ச் 9 பேக்கப்ல, ஜனவரி 15-ஆம் தேதி ஒரு பதிவு: ரொக்கம் 10,000, "மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ஊர்ல கையில கொடுத்தான்". பாக்கி 35,000. அக்காவே கைப்பட எழுதினது. அவங்களுக்கே மறந்துபோச்சு. கையில கொடுத்த காசு எந்த பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் வராது. அந்தப் பழைய பேக்கப் மட்டும் இல்லைன்னா, தம்பி கொடுத்த 10,000 இந்த உலகத்துல எங்கயுமே பதிவாகாமப் போயிருக்கும். பொய் யாரும் சொல்லலை. ஆனா ரெண்டு பேரோட ஞாபகமும் அவங்கவங்க பக்கமாச் சாய்ஞ்சிருந்துச்சு. கேட்காம விட்டிருந்தா அது மனசுல ஒரு முள்ளா நின்னிருக்கும்.

தங்கச்சி விஷயம் வேற மாதிரி. அவங்க கிட்ட இருந்து 25,000-தான் அக்கா கணக்குக்கு வந்திருக்கு. 15,000 குறையுதேன்னு பார்த்தா, ஃபிசியோதெரபிக்கும் மருந்துக்கும் தங்கச்சியே தன் கார்டுல நேரடியா 15,000 கட்டியிருக்காங்க. அடுத்தவங்க நமக்காகச் செலவு பண்ணினது நம்ம ஸ்டேட்மென்ட்ல வராது. கேட்டாத்தான் தெரியும்.

கேட்கிற விதமும் முக்கியம். "நீ எவ்வளவு கொடுத்த?"ன்னு ஆரம்பிச்சா விசாரணை மாதிரி இருக்கும். உங்க கையில இருக்கிற பட்டியலை முதல்ல அனுப்புங்க. "என் லேப்டாப் போச்சு, இதுவரைக்கும் இவ்வளவு கண்டுபிடிச்சிருக்கேன், விட்டது ஏதாவது இருந்தா சொல்லு"ன்னு கேளுங்க. அவங்களும் அவங்க போனைத் திறந்து தேடுவாங்க.

திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு கிட்லேப் கதை தெரிஞ்சிருக்கும். 2017 ஜனவரி 31. ஒரு இன்ஜினியர் ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வரைச் சுத்தம் பண்றதா நினைச்சு, மெயின் சர்வர்ல டெலீட் கமாண்ட் கொடுத்துட்டார். சுமார் 300 ஜிபி டேட்டா காலி. சரி, தினசரி பேக்கப்பை எடுக்கலாம்னு போனா, பேக்கப் ப்ரோக்ராமோட வெர்ஷனும் டேட்டாபேஸ் வெர்ஷனும் பொருந்தாததால அது ஓடவே இல்லை. ஃபெயில் ஆச்சுன்னு சொல்ல வேண்டிய ஈமெயிலும் யாருக்கும் போய்ச் சேரலை. கடைசியில வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு பிரதிதான் காப்பாத்திச்சு. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். இதை அந்தக் கம்பெனியே விவரமா எழுதி வெளியிட்டாங்க.

அவ்வளவு பேர் வேலை பாக்கிற இடத்துலயே இப்படின்னா, நம்ம பென்டிரைவை நாம எத்தனை தடவை சோதிச்சுப் பார்த்திருப்போம்? ஒரு தடவையாவது திறந்து பார்க்காத வரைக்கும் அது பேக்கப்னு நாம நம்புற ஒரு ஃபைல், அவ்வளவுதான்.

அதனால மாசா மாசம் ஒரு சின்னச் சடங்கு. ஸ்டேட்மென்ட் வந்ததும் ரீகன்சைல் பண்ணுங்க. முடிச்ச கையோட ஃபைலை மாசத்தோட பேர் போட்டு ரெண்டு இடத்துல காப்பி வைங்க. ஒண்ணு வீட்டுல தனி டிஸ்க்ல, ஒண்ணு வீட்டுக்கு வெளிய, கிளவுட்ல. பேர்ல மாசம் இருக்கிறது ரொம்ப முக்கியம். ஒரே பேர்ல கிளவுட்ல சிங்க் ஆகிற ஃபோல்டரை மட்டும் நம்பினா, லேப்டாப்ல ஃபைல் கெட்டுப்போன அடுத்த நிமிஷம் கிளவுட்லயும் கெட்டதுதான் போய் உட்காரும்.

வெளிய அனுப்புற பிரதியைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுங்க. க்னூகேஷ் ஃபைல்ல பூட்டு எதுவும் கிடையாது, யார் கையில கிடைச்சாலும் திறந்து படிக்கலாம். செவன்-ஜிப்ல ஏஇஎஸ்-256 போட்டு மூடினா போதும். அந்தப் பாஸ்வேர்ட் வீட்டுல நம்பிக்கையான இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கட்டும். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தக் கணக்கு அவங்களுக்குத்தான் தேவைப்படும்.

இந்த ரீகன்சைல் பழக்கத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இடைவெளி எவ்வளவு பெரிசுன்னு முடிவு பண்றது அதுதான். மாசா மாசம் ஒத்துப் பார்த்து, அன்னைக்கே காப்பி எடுக்கிறவங்களுக்கு லேப்டாப் எப்போ செத்தாலும் தேட வேண்டியது அதிகபட்சம் முப்பது நாள். முப்பது நாள் நடந்தது ஓரளவு ஞாபகம் இருக்கும். மூணரை மாசம் இருக்காது.

இந்த வாரக் கடைசியில ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க கணக்கு பேக்கப்பை, அது எக்ஸெல்லா இருந்தாலும் சரி, ஃப்ரெண்டோட லேப்டாப்லயோ வீட்டுல இருக்கிற பழைய மெஷின்லயோ திறந்து பாருங்க. கடைசியா பேங்க்கோட ஒத்துப்போன தேதி என்னன்னு எழுதி வைங்க. ஓபன் ஆகலைன்னா சந்தோஷப்படுங்க, ஏன்னா ஒரிஜினல் இன்னும் உங்க லேப்டாப்ல உயிரோட இருக்கு. அந்தத் தேதி என்னன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.